புயலைவிட வலைக்குத்தான் பயந்தோம்: லங்காவி முதல் தியோமான் வரை, உங்கள் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி நம் பந்திங்கிலிருந்தே வந்திருக்கிறது. தோட்டத்துப் பக்கம் இருக்கும் ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். "அண்ணே, நீங்களும் உங்கள் கூட்டாளியும் மேற்குக் கரை லங்காவித் தீவிலிருந்து கிழக்குக் கரை தியோமான் தீவு வரைக்கும் பாய்மரப் படகில் போனதாகப் போன வீடியோவில் சொன்னீர்கள். நடுவில் புயல் வந்தால் என்ன செய்வீர்கள்? ராத்திரியில் நங்கூரம் போட்டுத் தூங்கிவிடுவீர்களா? என்னைப்போல நீச்சல் தெரியாதவர்கள் இதற்கெல்லாம் ஆசைப்படலாமா?"

மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் முன்பின்னாகத்தான் போகும்.

புயல் என்றால் நாள்கணக்கில் சுழன்று அடிப்பதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். மலாக்கா நீரிணையில் அப்படி வருவது மிக அபூர்வம். அங்கே வருவது சுமத்ரா காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரைக்கும், ராத்திரியில் சுமத்ரா பக்கம் இடிமேகங்கள் வரிசை கட்டிச் சேர்ந்து, நீரிணையைத் தாண்டி, விடியற்காலையில் நம் மேற்குக் கரையில் வந்து மோதும். நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெரட்டு நேரத்தில், அதாவது காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது, திடீரென்று ஜன்னல் அடித்துக்கொண்டு, செம்பனை மட்டையெல்லாம் தலையை ஆட்டி, ஊற்று ஊற்றென்று ஊற்றிவிட்டு அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல வெயில் வருமே, அதுதான். கரையில் அது வேலை கெடுகிற ஒரு மழை, அவ்வளவுதான். படகில் இருப்பவனுக்குச் சில நிமிடத்தில் காற்று பத்து நாட்டிலிருந்து (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) நாற்பது நாட்டுக்குத் தாவும், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர்.

ஆனால் அது சொல்லிவிட்டுத்தான் வரும். மேற்கே அடிவானத்தில் கறுப்பாக ஒரு கோடு, அப்புறம் முகத்தில் சில்லென்று ஒரு காற்று. அந்தச் சில்லிப்பு வருவதற்கு முன்பே பெரிய பாயைச் சுருக்கிக் கட்டி, முன்பாயைச் சுருட்டிவிட வேண்டும். பங்கோருக்குத் தெற்கே செம்பிலான் தீவுகள் பக்கம் எங்களுக்கு அது வந்தபோது பாய் ஏற்கெனவே பாதிதான் இருந்தது, அதனால் படகு சாய்ந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்டது. மழை பக்கவாட்டில் அடித்துக் கண்ணைத் திறக்க முடியவில்லை. காற்றைவிட எனக்கு மின்னல்தான் கவலை. சுற்றிலும் தட்டையான கடல், அதன் நடுவில் நாங்கள் மட்டும் ஓர் அலுமினியக் கம்பத்தை நட்டுக்கொண்டு நிற்கிறோம். கூட்டாளி கீழே இறங்கி, கைப்பேசி, கையடக்க ஜிபிஎஸ், கையில் பிடிக்கும் ரேடியோ மூன்றையும் கேஸ் அடுப்பின் ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். படகோட்டிகள் பலரும் இதைச் செய்கிறார்கள். சுற்றிலும் உலோகம் இருக்கும் பெட்டிக்குள் மின்னல் தாக்கம் குறையும். கம்பத்தில் இடி விழுந்து எல்லாக் கருவியும் போனாலும், எங்கே இருக்கிறோம் என்று சொல்ல ஒன்றாவது மிஞ்ச வேண்டும் அல்லவா. இடி எங்கள்மேல் விழவில்லை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

எங்களை உண்மையிலேயே ஆட்டிவைத்தது வலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் இதைக் கேட்பதே இல்லை.

நீரிணையில் காற்று பாதி நேரம் இருக்காது, என்ஜினைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். கோலசிலாங்கூருக்கு வெளியே, நிலா இல்லாத ராத்திரி, என்ஜின் ஒரு தடவை 'டொம்' என்று முனகி நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்கம் பச்சை நைலான் வால் மாதிரி நீண்டு மிதக்கிறது. யாரோ எப்போதோ விட்டுவிட்ட கிழிந்த வலை, கயிறோடு சேர்ந்து புரொப்பெல்லரில் சுற்றியிருந்தது. காற்றும் இல்லை, என்ஜினும் இல்லை, நீரோட்டம் மட்டும் இருக்கிறது. மேற்கே கப்பல் போகும் பாதை.

இந்த இடத்தில்தான் நம் கடல் நமக்குச் சாதகம். கரையோரம் ஆழம் அதிகமில்லை, எங்கே நின்றாலும் நங்கூரம் தரையைத் தொடும். போட்டோம், பிடித்தது. அப்புறம் அவசரப்படவே இல்லை. நீரோட்டம் ஓடும்போது ராத்திரியில் தண்ணீரில் இறங்கினால் படகை விட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். வெளிச்சம் வந்து, ஏற்றமும் வற்றமும் மாறுகிற அந்தச் சின்ன இடைவெளிக்காகக் காத்திருந்தோம்.

கூட்டாளிதான் இறங்கினார், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை என் கையில். அவருடைய அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர், கத்தி தீட்டுவதில் அவரிடம் யாரும் போட்டி போட முடியாது. ஆனால் தீட்டிய கத்தி அங்கே வேலைக்கு ஆகவில்லை. சுற்றிய வேகத்தில் நைலான் உருகி, இரும்புத் தண்டைச் சுற்றி ஒரே பிளாஸ்டிக் கட்டியாக இறுகியிருந்தது, கத்தி வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் ரொட்டி அறுக்கும் பல் வைத்த கத்தியைக் கொடுத்தேன், அதுதான் ரம்பம் போலக் கடித்து அறுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே வந்து, ஒரு துண்டு நைலானைப் படகுக்குள் எறிந்துவிட்டு மறுபடி உள்ளே போவார். அலையில் படகின் அடிப்பாகம் ஏறி இறங்கும், தலையில் இடித்தால் மயக்கம்தான், அதனால் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் இல்லையே என்று கத்தினார். ஒட்டியிருந்த சிப்பிகள் முழங்கை வரைக்கும் கீறிவிட்டன. அறுத்த வலையை நாங்கள் கடலில் திரும்பப் போடவில்லை, மூட்டையாகக் கட்டிக் கிள்ளானில் இறக்கினோம். அதைக் கடலில் விட்டிருந்தால் அடுத்த படகுக்கோ ஒரு ஆமைக்கோ அதே கதிதான்.

இன்னொன்று. கிழிந்து மிதக்கும் வலை வேறு, மீனவர் போட்டிருக்கும் வலை வேறு. அது அவருடைய சோறு. அதில் மாட்டினால் கத்தியை எடுக்காதீர்கள், முதலில் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ராத்திரியில் ஒரு சம்பானிலிருந்து, அதாவது சின்ன மீன்பிடிப் படகிலிருந்து, டார்ச் வெளிச்சம் உங்கள் பக்கம் ஆடினால் அவர் கோபப்படுகிறார் என்று நினைக்க வேண்டாம், வலை எந்தப் பக்கம் என்று காட்டுகிறார்.

ராத்திரித் தூக்கத்துக்கு வருகிறேன். நங்கூரம் போட்டுத் தூங்கிய ராத்திரிகளும் உண்டு, ஓட்டிக்கொண்டே போன ராத்திரிகளும் உண்டு. ஓட்டும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் காவல். சமையல் டைமரைப் பதினைந்து நிமிடத்துக்கு வைத்து, அது அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்க்க வேண்டும். ஏன் பதினைந்து? 18 நாட்டில் வரும் கப்பல் அந்த நேரத்தில் எட்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது அதற்குள் தலைக்கு மேல் நிற்கும். சமீப ஆண்டுகளில் இந்த நீரிணையில் ஆண்டுக்கு 90 ஆயிரம் கப்பலுக்கு மேல் போய்வருகின்றன. அவற்றுக்குப் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பாய்மரப் படகு அந்தத் தடத்தில் போகும் கப்பலுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது, கடக்க வேண்டியிருந்தால் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். இது சர்வதேச விதி.

எங்களுக்குள் சண்டை வந்ததா என்றும் பலர் கேட்கிறார்கள். வந்தது, எல்லாம் தூக்கம் கெட்டதால் வந்த சண்டை. ஆனால் புறப்படும் முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தோம். காவலில் இருப்பவருக்குத் துளி சந்தேகம் வந்தாலும் மற்றவரை எழுப்பலாம், எழுந்தவர் முகம் சுளிக்கக்கூடாது. அந்த ஒப்பந்தம் ஜொகூர் பக்கம், பூலாவ் பீசாங் தீவைத் தாண்டும்போது எங்கள் உயிரைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். கூட்டாளி காவலில் இருக்கிறார், முன்னால் ஒரு படகின் விளக்கு, அதன் பின்னால் நல்ல இருட்டு இடைவெளி, அந்த வழியாகப் புகுந்து போகலாம் போலத் தெரிகிறது. அவருக்கு என்னவோ சரியாகப் படவில்லை, என்னை எழுப்பினார். இருவரும் பார்த்தோம், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளை விளக்கு. அப்படி இருந்தால் அது இழுவைப் படகு, பின்னால் 200 மீட்டருக்கு மேல் நீளத்தில் எதையோ இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அந்த இருட்டு இடைவெளியில் தண்ணீருக்கடியில் இரும்புக் கயிறு போகிறது. படகைத் திருப்பிக் காத்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து, மங்கலான ஒரே ஒரு விளக்கோடு, மண் ஏற்றிய பெரிய தொங்காங் (சரக்குப் படகு) சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனது. எத்தனை ராத்திரி தூக்கத்தைக் கெடுத்திருந்தாலும் அந்த ஒரு எழுப்பலுக்காக நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு தஞ்சோங் பியாய் முனை, சிங்கப்பூர் நீரிணை, 1851இல் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம், அங்கிருந்து வடக்கே திரும்பினால் தென்சீனக் கடல். தண்ணீர் நிறமே மாறிவிடும், காற்றும் ஒழுங்காக வரும். தியோமான் வரைக்கும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் வடகிழக்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கம் சிறுபடகில் போக நினைக்காதீர்கள்.

இப்போது நீச்சல். தங்கை, கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நீச்சல் தெரிந்தவரும் ராத்திரியில் விழுந்தால் தப்புவது கஷ்டம். ஐந்து நாட்டில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிப் போய்விடும், அலைக்கு நடுவில் ஒரு தலையை எங்கே தேடுவது? அதனால் இருட்டியதும் பாதுகாப்பு அங்கியும் படகோடு பிணைக்கும் வாரும் போடாமல் நாங்கள் வெளியே வருவதே இல்லை, தனியாக முன்பக்கம் போவதும் இல்லை.

எங்கே ஆரம்பிப்பது என்றால், சொந்தப் படகெல்லாம் வேண்டாம். கிள்ளான் துறைமுகத்தில் ராயல் சிலாங்கூர் யாட் கிளப் இருக்கிறது, நம் ஊரிலிருந்து பக்கம்தான். 1990 முதல் அவர்கள் நடத்தும் ராஜா மூடா சிலாங்கூர் போட்டி கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரைக்கும் போகும், பெரும்பாலும் நவம்பரில். பந்தயப் படகு என்றால் கயிறு இழுக்க எப்போதும் ஆள் வேண்டும். நேரில் போய், எனக்கு ஒன்றும் தெரியாது, கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் போகிற இடமா என்று தயங்கவே வேண்டாம். முதல் நாள் தொப்பி, தண்ணீர், வாந்திக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு போங்கள், மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், தலை சுற்றிய பிறகு போட்டால் பலனில்லை.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.