101 வாக்குச் சீட்டுகள்: 2016-17 என்.பி.ஏ. விருதுகள்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சில் கொஞ்சம் கூட்டல் கழித்தல் வரும். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் 2016-17 பருவத்தில் யார் யாருக்கு என்ன விருது என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். அந்த விருது எப்படிக் கிடைத்தது என்பது பட்டியலில் இருக்காது. வாக்குக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் தேதி. விருது விழா நடந்தது 2017 ஜூன் 26, நியூயார்க்கில். அதுவரை பிளேஆஃப், அதாவது முன்னணி அணிகள் பட்டத்துக்காக மோதும் இறுதிச் சுற்றுகள், நடக்கும்போதே ஒவ்வொரு விருதாக அறிவித்து வந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மேடையில், தொலைக்காட்சியில் அறிவித்தது அந்த ஆண்டுதான் முதல்முறை. ஆனால் வாக்குகள் ஏப்ரலிலேயே, 82 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான பருவம் முடிந்து பிளேஆஃப் தொடங்கும் முன்பே, பதிவாகிவிட்டன. நடுவில் ஏறத்தாழ இரண்டு மாதம் ஆட்டம் நடந்தது. அந்த ஆட்டங்களில் ஒன்றுகூட இந்த விருதுகளில் சேராது. "பிளேஆஃபில் தோற்றவருக்கா விருது?" என்று அப்போது கோபப்பட்டவர்கள் பலர். அவர்கள் கவனிக்கத் தவறியது இந்தத் தேதியைத்தான்.

அடுத்து, வாக்களித்தது யார்? விளையாட்டுச் செய்தியாளர்களும் ஒளிபரப்பாளர்களுமாக 100 பேர். முந்தைய பருவத்தில் மிக மதிப்புமிக்க வீரர் விருதை ஸ்டெஃபன் கர்ரி 131 சீட்டுகளிலும் முதலிடம் பெற்று ஒருமனதாக வென்றிருந்தார். 2016-17இல் அணிகளிடம் சம்பளம் வாங்கும் ஒளிபரப்பாளர்களை விலக்கியதால் எண்ணிக்கை 100 ஆகக் குறைந்தது. நியாயமான திருத்தம். மிக மதிப்புமிக்க வீரர் விருதுக்கு மட்டும் ரசிகர்கள் அனைவரின் வாக்கும் சேர்ந்து ஒரே ஒரு சீட்டாகக் கணக்கிடப்பட்டது. ஆக 101. ஒரு சீட்டில் ஐந்து பெயர் எழுத வேண்டும். முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்தடுத்து 7, 5, 3, 1. மற்ற தனிநபர் விருதுகளுக்கு மூன்று பெயர்தான். 5, 3, 1.

இப்போது பென்சிலை எடுங்கள். மிக மதிப்புமிக்க வீரர் விருதின் கணக்கு இது. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், 69 முதலிடம், மொத்தம் 888 புள்ளி. ஹூஸ்டன் ராக்கெட்ஸின் ஜேம்ஸ் ஹார்டன், 22 முதலிடம், 753. சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் கவாய் லெனர்ட், 9 முதலிடம், 500. கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ், 1 முதலிடம், 333. முதலிடங்களைக் கூட்டினால் 101 சரியாக வரும்.

ஹார்டனின் 753இல் 22 முதலிடங்களுக்கான 220ஐக் கழியுங்கள். மிச்சம் 533. அது மீதி 79 சீட்டுகளிலிருந்து வந்தது, சீட்டுக்கு 6.75. இரண்டாமிடத்துக்கு 7 புள்ளி என்பதை நினைவில் வையுங்கள். வெஸ்ட்புரூக்கைத் தேர்ந்தெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்த வரியிலேயே ஹார்டனை எழுதியிருக்கிறார்கள். 69க்கு 22 என்று கேட்டால் ஒருதலைப்பட்சமாகத் தெரியும். அவ்வளவு தூரம் இல்லை.

வெஸ்ட்புரூக் ஏன் ஜெயித்தார்? அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் தவறிய பந்தைப் பிடித்தெடுப்பது), 10.4 அசிஸ்ட் (கூட்டாளி கூடையில் போடும்படி பந்தைக் கொடுப்பது). மூன்றிலும் இரட்டை இலக்கம். பருவம் முழுக்க இந்தச் சராசரியைக் காத்தவர் அதற்கு முன் ஒருவர்தான். 1961-62இல் சின்சினாட்டிக்கு ஆடிய ஆஸ்கர் ராபர்ட்சன், 30.8, 12.5, 11.4. ஓர் ஆட்டத்தில் இப்படி ஏதேனும் மூன்று கணக்கில் பத்தைத் தொடுவதை டிரிபிள் டபுள் என்பார்கள். ராபர்ட்சன் அந்தப் பருவத்தில் 41 முறை தொட்டார். வெஸ்ட்புரூக் 42. அந்த 42ஆவது, ஏப்ரல் 9 அன்று டென்வரில் வந்தது: 50 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். கடைசி நொடியில் வெகுதூரத்திலிருந்து அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்து உள்ளே போனது. தண்டர் 106-105 என்று வென்றது. டென்வரின் பிளேஆஃப் வாய்ப்பு அங்கேயே முடிந்தது.

இரண்டு பருவங்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ராபர்ட்சன் ஆட்டத்துக்கு 44 நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்றார். வெஸ்ட்புரூக் 34.6 நிமிடம். அக்காலத்தில் ஆட்டம் வேகமாகப் போகும், எறிதலும் அதிகம், தவறுவதும் அதிகம். தவறிய பந்துகள் ஏராளமாக இருந்ததால் ரீபவுண்டும் ஏராளம். நிமிடக் கணக்கில் பார்த்தால் வெஸ்ட்புரூக்கின் பருவம் இன்னும் அடர்த்தியானது.

அந்த 10.7 ரீபவுண்ட் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய பருவத்தில் அவருடைய சராசரி 7.8. 2016 ஜூலையில் கெவின் டூரண்ட் அணியை விட்டுப் போனார். அவர் எடுத்துவந்த 8.2 ரீபவுண்டுக்கு ஆள் தேவைப்பட்டது. எதிரணி பந்தை எறிந்ததும் தண்டரின் உயரமான வீரர்கள், குறிப்பாக ஸ்டீவன் ஆடம்ஸ், பந்தைத் தேடி ஓடாமல் எதிராளியை முதுகால் தள்ளி வளையத்துக்கு அருகே வரவிடாமல் தடுப்பார்கள். பாக்ஸ் அவுட் என்பது அதைத்தான். காலியான இடத்துக்கு வெஸ்ட்புரூக் ஓடி வந்து பந்தை எடுப்பார். "எண்ணிக்கையை ஊதிப் பெருக்கினார்" என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அதில் பாதிதான் சரி. உயரமான வீரர் ரீபவுண்ட் எடுத்தால் பந்து நடத்துபவரைத் தேடிக் கொடுக்க ஒன்றிரண்டு நொடி வீணாகும். அதற்குள் எதிரணி தடுப்புக்குத் திரும்பிவிடும். வெஸ்ட்புரூக்கே எடுத்தால் அந்த நொடியே ஓட்டம் தொடங்கும். நல்ல எறிதலாளர்கள் குறைவாக இருந்த அணிக்கு, எதிரணி அணிவகுக்கும் முன் தாக்குவதுதான் பிழைக்கும் வழி.

வெற்றிக் கணக்கு? தண்டர் 47 வெற்றி, 35 தோல்வி, லீகின் மேற்குப் பிரிவில் ஆறாமிடம். முழுநீளப் பருவத்தில் 50 வெற்றி தொடாத அணியிலிருந்து ஒருவர் இந்த விருதைப் பெற்றது 1981-82இல் மோசஸ் மலோனுக்குப் பிறகு இதுதான் முதல்முறை. ஹார்டனின் ராக்கெட்ஸ் 55 வெற்றி. லெனர்டின் ஸ்பர்ஸ் 61. வெஸ்ட்புரூக் ஆதரவாளர்கள் எடுத்து நீட்டிய எண் ஒன்று உண்டு: டிரிபிள் டபுள் வந்த 42 ஆட்டங்களில் 33 வெற்றி, 9 தோல்வி. மீதி 40 ஆட்டங்களில் 14 வெற்றி, 26 தோல்வி. கேட்கும்போது அசைக்க முடியாத ஆதாரம் போல இருக்கும். ஆனால் அசிஸ்ட் என்பது பந்தை வாங்கியவர் கூடையில் போட்டால்தான் கணக்கில் ஏறும். கூட்டாளிகளின் கை நன்றாக வரும் நாளில் அசிஸ்ட் பத்தைத் தாண்டும். அதே நாளில் அணியும் ஜெயிக்கும். எதிரணி நிறையத் தவறவிடும் நாளில் ரீபவுண்டும் பெருகும். ஆக டிரிபிள் டபுளால் வெற்றி வந்ததா, வெற்றிக்குரிய நாளில் டிரிபிள் டபுளும் வந்ததா என்பதை அந்த எண் பிரித்துக் காட்டாது. எனக்கு அதைவிட வலுவாகப் படுவது வேறு: டூரண்ட் போன அணி சரியாமல் பிளேஆஃபுக்கு வந்ததற்கு, 81 ஆட்டங்கள் ஆடிய இந்த ஒருவரின் உழைப்பே முதல் காரணம். அதனால் விருது தகுதியானவருக்கே போனது என்பது என் தீர்ப்பு. ஹார்டனுக்குப் போயிருந்தாலும் குறை சொல்லியிருக்க முடியாது. 29.1 புள்ளி, 8.1 ரீபவுண்ட், லீகிலேயே அதிகமாக 11.2 அசிஸ்ட். அவருக்கு எதிராகப் பேசிய எண், 464 முறை பந்தைப் பறிகொடுத்தது. ஒரு பருவத்தில் அதுவே சாதனை எண்ணிக்கை. வெஸ்ட்புரூக்கும் அதில் இளைத்தவர் அல்ல, 438.

இங்கே வரலாற்றில் ஒரு பக்கம் திரும்பிப் பார்க்கலாம். 1961-62இல் ராபர்ட்சனுக்கு இந்த விருது கிடைக்கவில்லை. அவர் மூன்றாமிடம். ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லின்கூட இரண்டாமிடம்தான். வென்றவர் பாஸ்டனின் பில் ரஸ்ஸல். அன்று வாக்களித்தவர்கள் சக வீரர்கள். செய்தியாளர்கள் கைக்கு அந்த வாக்கு வந்தது 1980-81இல். எதிரே நின்று ஆடியவர்கள் வெற்றியை எண்ணினார்கள்.

சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதில் அவ்வளவு இழுபறி இல்லை. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் 73 முதலிடம், 434 புள்ளி. யூட்டாவின் ரூடி கோபேர் 269, லெனர்ட் 182. கோபேர் வளையத்துக்கு அருகே நின்று எறிதல்களைத் தடுப்பவர். கிரீன் வேறு வகை. எதிரணி வீரர் குறுக்கே நின்று மறைக்கும்போது தடுப்பவர்கள் இருவரும் ஆளை மாற்றிக்கொள்வதை ஸ்விட்ச் என்பார்கள். பொதுவாக அதில் ஒரு குட்டையானவர் உயரமானவரிடமோ, மெதுவானவர் வேகமானவரிடமோ மாட்டிக்கொள்வார். கிரீன் நெட்டையரையும் தாங்குவார், வேகமானவருடனும் ஓடுவார் என்பதால் வாரியர்ஸ் பயமின்றி மாற்றிக்கொண்டே இருந்தது. 2017 பிப்ரவரி 10 அன்று மெம்ஃபிஸில் அவர் எடுத்தது 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 10 ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது). போட்ட புள்ளி வெறும் 4. புள்ளிக் கணக்கு பத்தைத் தொடாமலே டிரிபிள் டபுள் வந்தது லீக் வரலாற்றில் அதுவே முதல்முறை.

கிரீனுக்கு இது காத்திருந்து கிடைத்தது. 2014-15இல் அவருக்கு 45 முதலிடம், லெனர்டுக்கு 37தான். ஆனாலும் மொத்தத்தில் 317க்கு 333 என்று லெனர்ட் ஜெயித்தார். முதலிடம் அதிகம் வாங்கியவர் தோற்க முடியும். 5, 3, 1 முறையில் இரண்டாம் மூன்றாம் இடங்களின் கனம் அப்படி.

அதே விளையாட்டு 2016-17 புதுமுக வீரர் விருதிலும் நடந்தது. மில்வாக்கி பக்ஸின் மால்கம் பிராக்டன் 64 முதலிடம், 414 புள்ளி. பிலடெல்பியாவின் டாரியோ ஷாரிச் 13 முதலிடம், 266. அதே அணியின் ஜோயல் எம்பீட் 23 முதலிடம், ஆனால் 177 மட்டுமே. எம்பீடின் 23 முதலிடத்துக்கு 115. மிச்சம் 62 புள்ளி, மிச்சச் சீட்டு 77. ஒவ்வொன்றும் மூன்றாமிடமாகவே வந்தது என்று வைத்தாலும் 62 சீட்டுதான் ஆகிறது. ஆக, குறைந்தது 15 பேர் அவர் பெயரையே எழுதவில்லை. காரணம், காயங்களால் அவர் ஆடியது 31 ஆட்டம் மட்டும். ஆடியபோது 25 நிமிடத்துக்கு 20.2 புள்ளி, 7.8 ரீபவுண்ட், திறமையில் ஒப்பே இல்லை. பிராக்டன் 75 ஆட்டம், 10.2 புள்ளி, 4.2 அசிஸ்ட். "சிறந்தவர் யார்" என்று கேட்டவர்கள் எம்பீடை எழுதினார்கள். "பருவம் முழுக்க அணிக்குக் கைகொடுத்தவர் யார்" என்று கேட்டவர்கள் பிராக்டனை எழுதினார்கள். அன்று குறைந்தபட்ச ஆட்டம் என்று விதி எதுவும் இல்லை. 2023-24இலிருந்து முக்கிய விருதுகளுக்கு 65 ஆட்டம் என்று விதி வந்தது. புதுமுக விருதுக்கு இன்றும் அந்த வரம்பு கிடையாது.

பிராக்டன், புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 36ஆவதாக, இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். அந்த டிராஃப்டின் முதல் தேர்வான பென் சிம்மன்ஸ் பயிற்சி முகாமில் பாத எலும்பு முறிந்து பருவம் முழுவதும் ஆடவில்லை. முதல் ஆட்டம் ஆடும் பருவமே புதுமுகப் பருவம் என்பதால், அவர் மறு ஆண்டு இதே விருதை வாங்கினார்.

ஹூஸ்டனுக்கு இரண்டு விருதுகள். சிறந்த பயிற்சியாளர் விருது பெற்ற மைக் டான்டோனி, 41 வெற்றி பெற்றிருந்த அணியை ஒரே ஆண்டில் 55க்கு ஏற்றினார். ஹார்டனிடம் பந்தை ஒப்படைத்தார். மற்றவர்களை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பரப்பி நிறுத்தினார். அந்த அணி பருவத்தில் 3,306 முறை மூன்று புள்ளிக்கு எறிந்தது; அன்றைக்கு அது சாதனை. பரப்பி நிறுத்திய ஆட்களில் ஒருவர்தான் ஆறாவது ஆள் விருது பெற்ற எரிக் கார்டன். கோட்டிலிருந்து பல அடி பின்னால் நிற்பார். அவரைக் காக்க ஒருவர் அங்கே போயே ஆக வேண்டும், ஹார்டனுக்கு நடுவில் பாதை திறக்கும். இந்த விருதுக்கு விதி எளிது: தொடக்க ஐவரில் இறங்கியதைவிட மாற்று ஆளாக இறங்கிய ஆட்டங்கள் அதிகமாக இருக்க வேண்டும். கார்டன் 75இல் 15 ஆட்டம் மட்டுமே தொடக்கத்தில் இறங்கினார்.

மிகுந்த முன்னேற்றம் கண்டவர், மில்வாக்கியின் யானிஸ் அன்டெடகும்போ. 16.9 புள்ளியிலிருந்து 22.9க்குப் போனார். மொத்தப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் (எதிராளியின் எறிதலைத் தட்டிவிடுவது) ஐந்திலும் லீகின் முதல் 20 பேருக்குள் வந்த முதல் வீரர் அவர்.

கடைசியாக, பணம். அதே 100 பேர் பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட மூன்று கௌரவ அணிகளையும் தேர்ந்தெடுத்தார்கள். முதல் அணியில் ஒருமனதாக இடம்பெற்றவர் வெஸ்ட்புரூக் அல்ல, ஹார்டன். 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஊதிய ஒப்பந்தப்படி, எட்டு ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள வீரர் இந்தப் பட்டியலில் இருந்தாலோ மதிப்புமிக்க வீரராகவோ தடுப்பாட்ட வீரராகவோ தேர்வானாலோ, அவருடைய சொந்த அணி ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் ஊதிய வரம்பில் 30 விழுக்காட்டுக்குப் பதில் 35 விழுக்காடு வரை தரலாம். செய்தியாளரின் பேனா வீரரின் சம்பளத்தை நிர்ணயிப்பது சரியல்ல என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த ஆண்டு இந்தியானாவின் பால் ஜார்ஜ் மூன்று அணிகளிலும் இடம்பெறவில்லை. இந்தியானாவிடம் அந்தப் பெரிய ஒப்பந்தத்தை நீட்ட வழியில்லாமல் போனது. விலகப் போவதாக ஜார்ஜ் சொல்லிவிட, ஜூலையில் அவரை மாற்றிக் கொடுத்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தது ஓக்லஹோமா சிட்டி. செப்டம்பர் 29 அன்று வெஸ்ட்புரூக் அதே அணியுடன் 5 ஆண்டுக்கு 20.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

வணக்கம்.