கல்லூரிக் கட்டணமும் கைக்கு வராத உதவியும்

(கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழா உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, நாற்காலியும் மைக் செட்டும் காசு வாங்காமல் அனுப்பிவைத்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, நம் நூலகர் ஐயா அவர்களே, பிளஸ் டூ பிள்ளைகளே, பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம். டாக்டர் ஐயா இப்போதுதான் உள்ளே வருகிறார். அவருக்கும் வணக்கம். முன்னால் வந்து உட்காருங்கள் டாக்டர், இடம் இருக்கிறது.

மூன்று விஷயம் பேச வேண்டும். கட்டணம் ஏன் ஏறியது, என்னென்ன உதவி இருக்கிறது, எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது.

1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. அதனால் சீட்டு பெருகியது, மறுக்க முடியாது. ஆனால் அரசுக் கல்லூரியில் ஆசிரியர் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. சுயநிதியில் சம்பளம், கட்டடம், ஆய்வகம், பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டும் விளம்பரம் வரை பிள்ளையின் ரசீதில்தான் வந்து விழும். சில கலைக் கல்லூரிகளில் காலையில் அரசு உதவி பெறும் பிரிவு, மதியத்துக்கு மேல் சுயநிதிப் பிரிவு. அதே பெஞ்சு, அதே கரும்பலகை, கட்டணம் மட்டும் வேறு. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு, கலந்தாய்வில் வரும் பொறியியல் மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000 என்று வைத்தது. அதோடு முடிகிறதா? ஹாஸ்டல், பஸ், சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று ரசீதுப் புத்தகம் நீண்டுகொண்டே போகும்.

சரி, உதவி இல்லையா? தாராளமாக இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் சலுகை உண்டு. 2021 முதல், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவருக்கு, வீட்டு வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான, உதவித்தொகை. ஆனால் கல்லூரி ஜூனில் பணம் கேட்கும், உதவித்தொகை எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அதுதான் இங்கே நடக்கிறது.

பூசாரி கதை ஒன்று சொல்கிறேன். நான் வங்கியில் கிளார்க்காக இருந்த காலம். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தவரின் மகளுக்குக் கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்தது. கல்விக் கடன் கேட்டு வந்தார். மேலாளர் முதலில் நிலப் பத்திரம் கேட்டார். நிலம் இல்லை. "அப்போ கவர்ன்மெண்ட் ஆள் ஒருத்தரை ஜாமீனுக்குக் கூட்டிட்டு வாய்யா" என்றார். டீக்கடைக்காரருக்குத் தெரிந்த கவர்ன்மெண்ட் ஆள் யார்? அவர் கடையில் கணக்கு வைத்து டீ குடிக்கிற டவுன் பஸ் கண்டக்டர்! மறுநாள் பதினொரு மணிக்கு வங்கி வாசலில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தோளில் பையோடு உள்ளே வந்து, "சார், டிரிப் லேட்டாகுது, எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றார். வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பயணிகளில் பாதிப் பேர் என்ன ஏது என்று இறங்கி உள்ளே வந்துவிட்டார்கள். கூடைக்காரப் பாட்டி ஒருத்தி மேலாளர் மேசையிலேயே கூடையை இறக்கி வைத்து, "பொம்பளப் புள்ள படிக்கக் கேக்குறான், குடுத்துத் தொலையேன்யா" என்றாள். மேலாளருக்கு வியர்த்துவிட்டது. சுற்றறிக்கைக் கோப்பை எடுத்துப் புரட்டினார். நான்கு லட்சம் வரை சொத்துப் பிணையும் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம், பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும் என்று அதிலேயே இருந்தது. அத்தனை நாளும் அவர் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது!

தொழிற்படிப்புக் கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் இருக்கிறது. வீட்டு வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் வட்டியை அரசு ஏற்கும். இது தெரியாமல் கம்மலை அடகு வைத்துக் கட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். சாமி கொடுத்துவிட்டது ஐயா, பூசாரியிடம் வாதாடத்தான் நமக்கு ஆள் இல்லை.

எந்தக் கல்லூரி என்ற மூன்றாவது விஷயத்தைத் தலைமையாசிரியை அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார். என் கோரிக்கைக்கு வருகிறேன். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஞாயிறுதோறும் இந்த நூலகத்தில் ஒரு மேசை போட வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். கலந்தாய்வு நேரத்தில் இ-சேவை மையத்தில் வரிசை தெருமுனை வரை நிற்கும். வங்கி விதியைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். ஓய்வுபெற்ற நாங்கள் நாலைந்து பேர் உட்காரத் தயார். மேசையை வணிகர் சங்கம் தருகிறது. நூலகர் ஐயா இடம் தருகிறார். இணைய வசதியோடு ஒரு கணினியும் பிரிண்டரும்தான் பாக்கி. நகர்மன்றத் தலைவர் அவர்கள் அடுத்த விழாவுக்குக் கிளம்ப வேண்டுமாம், கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஐயா, போவதற்கு முன் இந்த மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.