நீங்கள் சொன்னது இதுதானே?

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே, காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் உள்ள மருந்துக் கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர்ப் பலகையில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து இருக்கும். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள்.

மாலை நேரத்தில் அந்தக் கடைகளில் ஒன்றில் சற்று நின்று பாருங்கள். மால்டாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் மருந்துச் சீட்டை நீட்டுகிறார். கடையில் நிற்கும் தம்பி விரிஞ்சிபுரத்துப் பையன். வங்காளம் பள்ளியில் படித்தவன் அல்ல, கல்லாவில் நின்றே கற்றவன். 'ஷொகாலே ஏக்டா, ராத்தே ஏக்டா' என்கிறான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாத்திரை உறையின் மேல் பேனாவால் ஒரு சூரியனும் ஒரு பிறையும் வரைகிறான். அதோடு விடுவதில்லை. பெரியவரையே திருப்பிச் சொல்லச் சொல்கிறான். அவர் விரல்களைக் காட்டி ஏதோ சொல்கிறார். இல்லை, சாப்பிட்ட பிறகு என்று வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறான். பெரியவர் மறுபடியும் சொல்கிறார். சரியாக வந்த பிறகுதான் காசு வாங்குகிறான். பின்னால் வரிசை நிற்கிறது, ஆனாலும் அவன் அவசரப்படுவதில்லை.

இதே பையன் வீட்டுக்குப் போய் அண்ணனோடு அரசியல் பேசினால் இந்தப் பொறுமை இருக்குமா? அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை, நம் எல்லோரையும்தான் கேட்கிறேன். மொழி தெரியாதவரிடம் நமக்கு ஒரு ஐயம் இருக்கிறது. அவர் சொன்னது நமக்குப் புரிந்ததோ இல்லையோ, நாம் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று சரிபார்க்கிறோம். நம் மொழியே பேசுகிற தம்பியிடமும் மாமனிடமும் அந்த ஐயம் வருவதே இல்லை. அவர் வாயைத் திறக்கும்போதே இவர் என்ன சொல்லப் போகிறார் என்று நமக்குத் தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். எந்தக் கட்சி, எந்தச் சாமி, எந்தத் தெரு என்பது தெரிந்தால் போதும், மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். பிளவு இந்த இடத்தில்தான் வேரூன்றுகிறது என்பது என் கருத்து.

நான் வழக்கறிஞர். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தில் சமரசராகவும் உட்காருகிறேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவுப்படி, வழக்கை நடத்துகிற நீதிபதியே இரு தரப்பையும் பேசிப் பார்க்க அனுப்பலாம். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005இல் இப்படியொரு மையம் தொடங்கியது, பிறகு மாவட்டங்களுக்கும் வந்தது. அந்த அறைக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். ஆகவே எந்த வழக்கையும் இங்கே சொல்லப் போவதில்லை. பேச்சு அங்கே எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒருவர் பேசுவார். மற்றவர் குறுக்கே வரக்கூடாது. பொறுக்க முடியாவிட்டால் தாளில் குறித்துக்கொள்ளலாம், அதற்காகவே தாளும் பேனாவும் வைத்திருப்போம். சொல்லி முடித்ததும் சமரசர் தம் வாயால் அதைத் திருப்பிச் சொல்வார். 'நீங்கள் சொன்னது இதுதானே?' என்று கேட்பார். பெரும்பாலும் என்ன பதில் வரும் தெரியுமா? 'ஆமாம் சார், ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள்' என்பார்கள். அந்த ஒன்றில்தான் விஷயம் இருக்கும். வாய்தா மேல் வாய்தா வாங்கி வழக்காடுவது வரப்புக்காக என்று தாளில் இருக்கும். அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டது அந்தக் கடைசிச் சொல்லில் வரும். இப்படித்தான் பொதுவாக நடக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவரும் அப்போதுதான் அதை முதல் தடவையாகக் கேட்பார்.

வேலூர்க்காரர்களான நமக்கு, கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி நடந்த 1806 ஜூலை 10 பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடம். அதற்கு முந்தைய எட்டு மாதங்களை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் உத்தரவு வந்தது. புதுவகைத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த சின்னம். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது. மே மாதம் வேலூர்க் கோட்டையில் இருந்த ஒரு படைப்பிரிவு அந்தத் தலைப்பாகையைப் போட மறுத்தது. ஏன் மறுக்கிறீர்கள் என்று உட்கார்ந்து கேட்கவில்லை. எதிர்த்தவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம் என்று இருவருக்குச் சவுக்கடி கொடுத்து வேலையிலிருந்து விரட்டினார்கள்.

ஜூனில் முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய், கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய் உள்ளே ஒரு திட்டம் உருவாகிறது என்று சொன்னார். அதை விசாரிக்கும் பொறுப்பு யாரிடம் போனது? இந்திய அதிகாரிகளிடம். அவர்களோ அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள். இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்னார்கள், அவரைக் கட்டிப்போட்டார்கள். ஜூலை 10 அதிகாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்த பிறகு அதைவிட அதிகமான சிப்பாய்கள் மடிந்தார்கள். அதற்குப் பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கையும் தலைமைத் தளபதி கிரடாக்கையும் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது.

அன்னியர் ஆட்சி போயிருக்க வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அந்தச் சிப்பாய்களின் துணிவையும் நான் குறைத்துப் பேசவில்லை. அதிகாரத்தில் இருந்தவனின் காது பற்றியே பேசுகிறேன். ஜூலையில் இத்தனை பிணங்களுக்குப் பிறகு புரிந்தது மே மாதமே அவன் வாசலில் வந்து நின்றது. வீட்டில் மூத்தவராக இருப்பவர், அலுவலகத்தில் மேலாளராக இருப்பவர், ஊரில் நாலு பேர் மதிக்கிறவர் ஆகியோருக்குத்தான் இதில் அதிகப் பொறுப்பு. வலுத்தவன் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்து பாலாற்றுக்கு வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கங்களில் தோல் தொழில் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு எரிய வைக்கிறது. அதே தொழிலின் கழிவு நீர் கிணறுகளைக் கெடுத்தது. தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டு வைப்பார்கள், அந்த உப்பைக் கழுவிய தண்ணீரோடு பதனிடும் ரசாயனமும் சேர்ந்து நிலத்தில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம்.

தீர்ப்பு வந்தாலும் ஒரே வீட்டுக்குள் இருக்கிற பிளவு போகவில்லை. எனக்குத் தெரிந்த வீடு ஒன்று பாலாற்றங்கரையில் இருக்கிறது. அப்பாவுக்குத் தென்னந்தோப்பு, மகனுக்குத் தோல் பதனிடும் டேனரியில் மேற்பார்வையாளர் வேலை. இருவரும் சாப்பிடும் நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டார்கள். அப்பா தொழிற்சாலையைத் திட்டினால் தன் சம்பளத்தைத் திட்டுவதாக மகனுக்குப் படும். மகன் பேசாமல் எழுந்து போனால் தன் நிலத்தை மதிக்கவில்லை என்று அப்பாவுக்குப் படும். மருமகள்தான் ஒரு நாள் நேராகக் கேட்டாள்: "மாமா, இவரை வேலையை விடச் சொல்கிறீர்களா?"

"விடச் சொல்லி நான் எப்போதம்மா சொன்னேன்? கிணற்றுக்கு வந்து அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்கிறேன். அவ்வளவுதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் போனான். மோட்டாரைப் போட்டு, குழாயில் கையேந்தி வாயில் வைத்தான். உப்பு. துப்பினான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. துப்பிய பிறகு மகன்தான் பேசினான். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிற தண்ணீர் எவ்வளவு, போகாமல் தப்புகிறது எப்படி, மேலே சொன்னால் தன் வேலைக்கு என்ன ஆகும் என்ற பயம், எல்லாம். இத்தனை வருடம் அப்பாவிடம் சொல்லாதது. கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை. அப்பாவைக் கேட்டால் டேனரியை மூடத்தான் வேண்டும் என்பார், மகன் சரியாக நடத்தினால் போதும் என்பான். ஆனால் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்துக்கு அப்பா கொண்டுபோன மனுவை எழுதிக் கொடுத்தது மகன். எந்த இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும். அதற்கு முன்பு கொடுத்த மனுக்களில் அந்த விவரம் இருந்ததில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் அன்பாகப் பேசுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக வழி இல்லாமல், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது, உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்டது. கயிற்றைப் பிடித்தவர்களிடம் போய் இதமாகப் பேசுங்கள், எதிர்த்தரப்பின் மனதைப் புரிந்துகொள்ளுங்கள் என்பது பேச்சே அல்ல. அங்கே முதலில் வழி வேண்டும், அது உரிமை. இதமும் பொறுமையும் வழியை அடைத்தவரிடம் கேட்க வேண்டியவை. சமமாக உட்கார நாற்காலி போட்ட பிறகே சமரசம் பேச முடியும்.

அதே போல, இனிமையாகப் பேசுவது என்றால் நம் கருத்தை மழுப்புவது என்று சிலர் நினைக்கிறார்கள். உறவு கெட்டுவிடும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், பிறகு அடுத்த வீட்டில் போய்ப் புலம்புவார்கள். அது எதிரே இருப்பவரை நம்பாத செயல். 'எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஏன் என்று சொல்கிறேன்' என்று முகம் பார்த்துச் சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அப்படிச் சொல்லும் உரிமையும் வருகிறது.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றிக் கேட்பீர்கள். சொந்தக்காரர்கள் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் யாரும் தன் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். மாற்றிக்கொண்டால் தோற்றதாக ஆகிவிடும். சித்தப்பா ஒரு மதத்தைப் பற்றியோ ஒரு சாதியைப் பற்றியோ பொய்யான செய்தியை அனுப்பினால், அது பொய் என்று குழுவில் ஒரே வரியில் அமைதியாகச் சொல்லிவிடுங்கள், அதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. அதற்கு மேல் அங்கே வேண்டாம். அவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், முடிந்தால் வீட்டுக்குப் போங்கள். 'சித்தப்பா, இதைப் பார்த்து உங்களுக்கு என்ன பயம் வந்தது?' என்று கேளுங்கள். பதில் முன்கூட்டியே தெரியாத கேள்வியாக அது இருக்கட்டும். அவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். 'ஆமாம், அதுதான்' என்று அவர் சொல்லும் வரை உங்கள் பதிலைத் தொடங்காதீர்கள்.

நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா, அவர் என்னைக் கேட்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. கேட்காதவர்கள் இருக்கிறார்கள். அப்போது வெளிப்படையாகவே கேட்டுவிடுங்கள்: 'நீங்கள் சொன்னதை நான் சொல்லிவிட்டேன். நான் சொன்னதை நீங்கள் ஒரு முறை சொல்லுங்கள்.' பலர் தடுமாறுவார்கள். ஏனென்றால் நாம் பேசியபோது அவர்கள் தங்கள் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். மறுபடி ஒரு முறை சொல்லுங்கள். அன்றும் முடியாவிட்டால் இன்னொரு நாள் பேசலாம் என்று எழுந்துவிடுங்கள். கதவைச் சாத்திவிட்டு எழ வேண்டாம்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் வழக்கு இருக்கலாம். பாகப் பிரிவினை, ஜீவனாம்சம், பணக் கொடுக்கல் வாங்கல், வரப்புத் தகராறு. உங்கள் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பும்படி உங்கள் வழக்கறிஞர் மூலம் நீதிபதியிடம் நீங்களே கேட்கலாம். அங்கே பேசி முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். முடியாவிட்டால் வழக்கு நின்ற இடத்திலிருந்தே தொடரும், அறைக்குள் நீங்கள் சொன்ன எதையும் உங்களுக்கு எதிராகச் சாட்சியமாக வைக்க முடியாது.

வணக்கம்.