தேரடியிலிருந்து பழவேற்காடு வரை

நேயர்களுக்கு வணக்கம். நான் திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற நாங்கள் சிலர் ஒரு சங்கமாகச் சேர்ந்திருக்கிறோம். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு வரை போய்வந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

விடியற்காலை ஐந்தரைக்குத் தேரடியில் 17 வண்டிகள் கூடின. இரண்டு ஜாவா, மூன்று யெஸ்டி, ஒரு ராஜ்தூத், மிச்சமெல்லாம் புல்லட். எங்கள் ஊரில் அப்படித்தான் இருக்கும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்தன. ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் தேவைப்பட்ட காலம் அது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது, திருவொற்றியூரில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தார்கள். திண்ணையில் அவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் ‘தௌ’ என்ற அளவே எனக்குத் தெரியும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அன்று புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். அவன் தாத்தாவின் புல்லட். தாத்தா போன பிறகு இரண்டு வருஷமாகத் தாழ்வாரத்தில் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்களாம். கிக்கரை உதைத்ததும் சைலன்ஸரிலிருந்து குபுகுபுவென்று புகை. பையன் முகம் வெளிறிவிட்டது. “பிஸ்டன் போச்சா மாஸ்டர்?” என்றான்.

போகவில்லை. இந்த இன்ஜினுக்கு எண்ணெய்த் தொட்டி, அடிக்கூடான கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்த்தது. வண்டி மாதக்கணக்கில் சும்மா நின்றால் எண்ணெய் பம்பு வழியாகக் கசிந்து கீழே இறங்கிவிடும். ஓட ஆரம்பித்ததும் கொஞ்சம் எரிந்து புகையும், மீதியைப் பம்பு மேலே அனுப்பிவிடும். நிற்கிற வண்டிக்கு இன்னும் எத்தனையோ கேடு உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். பளபளவென்று தேய்த்துக் கண்காட்சியில் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

எங்கள் சங்கத்தில் மெதுவாகப் போகிற வண்டிதான் முன்னால் போகும். அன்று ராஜ்தூத். மணலி புதுநகர் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு போனோம். நாப்பாளையத்தில் கொசஸ்தலையாற்றைத் தாண்டியதும் மூச்சு வந்தது. மீஞ்சூரில் டீ. பொன்னேரி தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். அறுவடை முடிந்த நேரம், ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். நெல்மேல் சக்கரம் ஏறாமல் ஒருவர்பின் ஒருவராக ஊர்ந்தோம்.

அங்கேதான் பையனின் வண்டி இரண்டு தடவை வெடிச் சத்தம் போட்டு நின்றது. எல்லா வண்டிகளும் நின்றன. ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்பது எங்கள் வழக்கம். நான் பாயிண்ட் மூடியைக் கழற்றச் சொன்னேன். பாயிண்ட் என்பது திறந்து மூடித் தீப்பொறி வரவைக்கிற சுவிட்சு; கேம் என்கிற சுழலும் மேடுதான் அதைத் திறக்கும். கேம்மேல் உரசுகிற ஃபைபர் துண்டில் கிரீஸ் துளிகூட இல்லை. காய்ந்து உரசித் தேய்ந்ததில் பாயிண்ட் இடைவெளி மூடிக்கொண்டுவிட்டது. இடைவெளி குறைந்தால் தீப்பொறி பிந்தும், இன்ஜின் கொதிக்கும், கடைசியில் பொறியே வராது.

நானே ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பேன். செய்யவில்லை. இடைவெளி அளக்கிற தகடுகள் கோர்த்த ஃபீலர் கேஜை அவன் கையில் கொடுத்து, “பதினஞ்சு தௌ தகடு எடு தம்பி. லேசா உரசிட்டுப் போகணும், இடிக்கக் கூடாது” என்றேன். மூன்று முறை தப்பாக வைத்தான். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நாலாவது முறை சரியாக வந்தது. ஒரு பொட்டு கிரீஸ் தடவச் சொன்னேன்.

அடுத்து உதைக்கிற முறை. பலம் முக்கியமில்லை. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பார்க்க வேண்டும். இன்ஜினுக்குள் அடைபட்ட அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை உச்சியிலிருந்து கொஞ்சம் தாண்டவிட வேண்டும். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரு உதை. அவனுடைய முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. அந்த டப் டப் சத்தத்தைக் கேட்டு வயலில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

பழவேற்காடு போய்ச் சேர மணி பத்தரை ஆகிவிட்டது. ஏரியில் தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடு போட்டதுபோல நின்றன. எல்லோரும் இறால் வறுவலுக்கு இலை போட்டு உட்கார்ந்தோம், பையனைக் காணோம். போய்ப் பார்த்தால், இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து, பாயிண்ட் மூடியை மறுபடி கழற்றித் தகட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து தௌ, அப்படியே இருந்தது.

வணக்கம்.