மெஷினைக் கேட்க முதல் மாஸ்க்கைக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே. குறட்டை என்றால் வீட்டில் சிரிப்போம். ஆனால் அந்தக் குறட்டை நடுவில் நின்று, 10 விநாடிக்கு மேல் மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறலோடு திரும்புகிறதென்றால் அது சிரிக்கிற விஷயமில்லை, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற நோயாக இருக்கலாம்.

இதற்கு டொக்டர், மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளுகிற மெஷின் எழுதினதும் எல்லோரும் கேட்பது, சீபாப்பா, ஓட்டோவா, பைபாப்பா என்றுதான். சீபாப் இரவு முழுக்க ஒரே அழுத்தத்தில் காற்றைத் தள்ளித் தொண்டை மூடாமல் வைத்திருக்கும். ஓட்டோ, குறித்துவிட்ட எல்லைக்குள் தானே கூட்டிக் குறைக்கும். மல்லாந்து படுத்தால் கூட்டும், சரிந்து படுத்தால் குறைக்கும். பைபாப்புக்கு மூச்சு இழுக்க ஒரு அழுத்தம், விடுவதற்கு அதைவிடக் குறைந்தது. உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராக மூச்சு விட முடியாதவர்களுக்கும், இரத்தத்தில் காபனீரொட்சைட்டு தேங்குபவர்களுக்கும்தான் அது பெரும்பாலும் வேண்டும். விலை கூடியது என்பதற்காக வாங்குகிற சாமான் இல்லை.

மெஷின் பிழைப்பது குறைவு, மாஸ்க் பிழைப்பதுதான் கூட. இது ஆரம்பத்திலேயே இருந்த தலையிடி. அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் என்ற டொக்டர் 1981இல் இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதிய காலத்தில், மாஸ்க்கை மூக்கில் பசை வைத்து ஒட்டித்தான் நோயாளியைப் படுக்க வைத்தார்கள். இன்றைக்குப் பசை இல்லை, பட்டி இருக்கிறது. காற்று கசிந்தால் நாம் என்ன செய்கிறோம்? பட்டியை இறுக்குகிறோம். இறுக்கினால் மாஸ்க்கின் சிலிக்கன் விளிம்பு மடிந்து இன்னும் கசியும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். இருந்துகொண்டு மாட்டாதீர்கள். படுத்து, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து விடுங்கள். காற்றுப் புகுந்து சிலிக்கன் உப்பி முகத்தில் படியும். அதற்குப் பிறகுதான் பட்டி. கச்சான் அடிக்கிற மாதங்களில் முகமெல்லாம் வேர்வையும் எண்ணெயும், மாஸ்க் வழுக்கும். படுக்க முதல் முகம் கழுவுங்கள், காலையில் மாஸ்க்கையும் மெல்லிய சவர்க்காரத்தில் கழுவுங்கள். மூக்கு மாஸ்க் போடுகிறவருக்கு விடியும்போது வாய் காய்ந்து கிடந்தால், இரவில் வாய் திறந்து காற்று வெளியே போயிருக்கிறது. வாயையும் மூடுகிற மாஸ்க்கைப் பற்றிக் கேளுங்கள். தாடி உள்ளவர்களுக்கு மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க் வசதி. திரும்பவும் சொல்கிறேன், இறுக்காதீர்கள்!

மெஷினில் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிற ஈரப்பதன் தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காய்ச்சினாலும் உப்புப் போகாது, அடியில் வெள்ளையாகப் படியும். காய்ச்சி வடித்த நீர்தான். மாரிக் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் துளித்தால் தொட்டியின் சூட்டைக் குறையுங்கள், மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

அங்கே கை காட்டுகிறார்கள், நேரம் போய்விட்டது. பற்றரியில் ஓட்டுவோர் தொட்டியின் சூடாக்கியை நிறுத்தினால் பற்றரி கூட நேரம் தாங்கும். மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தை மாற்றுகிற ஏஎஸ்வி என்று நான்காவது வகை மெஷின் ஒன்றும் இருக்கிறது. இதயம் பலவீனமான ஒரு பகுதியினருக்கு அது ஆபத்து என்று 2015இல் ஆய்வு காட்டியது. அதனால் இதய நோயாளிகள் வேறொருவரின் பழைய மெஷினை வாங்கிப் போடாதீர்கள். வணக்கம்.