கோத்தோமிலித் தண்ணீரும் கால் வீக்கமும்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

போன சனிக்கிழமை இங்கே மொரீஷியஸில் ரோஸ் ஹில் சந்தையில் ஒரு பையன் ‘கோத்தோமிலி, கோத்தோமிலி’ என்று கூவிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் அவன் கூவியது நம் கொத்தமல்லியைத்தான். கறிவேப்பிலையும் இப்படித்தான் இந்தத் தீவில் ‘கரிப்பூலே’ ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாண்டிச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களும், 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் சுமந்து வந்த சொற்கள் இவை. சொல்லோடு கைவைத்தியமும் வந்தது. கால் வீங்கினால் மல்லித் தண்ணீர் குடி என்பார்கள்.

எங்கள் ஆயா அதைப் போடும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு தேக்கரண்டி மல்லி விதையை வாசம் வரும்வரை வறுப்பார். இங்கே ‘ரோஷ் காரி’ என்கிறோமே, அந்த அம்மிக்கல்லில் ஒன்றிரண்டாகத் தட்டுவார். இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டி இளஞ்சூட்டில் தருவார். சர்க்கரை கிடையாது, உப்பும் கிடையாது.

இதில் விஷயம் இல்லாமல் இல்லை. கொத்தமல்லி விதைச் சாறு சிறுநீரைக் கூட்டுகிறது என்று மொராக்கோ நாட்டு ஆய்வாளர்கள் 2008இல் எலிகளிடம் கண்டார்கள். ஆனால் அவர்கள் சாற்றை நேராக ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். நாம் குடிப்பதோ அடுப்பில் காய்ச்சிய கஷாயம். இரண்டும் ஒன்றல்ல.

தையல் ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கும், கடையில் நின்றுகொண்டே இருப்பவர்களுக்கும் சாயங்காலம் கணுக்கால் உப்பும். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். அசையாவிட்டால் நீர் கசிந்து கீழே தங்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். காலையில் எழும்போது வடிந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. காலை உயர்த்தி வையுங்கள், கொஞ்சம் நடங்கள், மல்லித் தண்ணீரும் குடியுங்கள்.

அதைவிடப் பெரிய எதிரி உப்பு. உடம்பில் உப்பு தங்கினால் தண்ணீரும் கூடவே தங்கும். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நம் வீட்டு அச்சார், உப்புக் கருவாடு, பாக்கெட் நூடுல்ஸ் இவற்றிலேயே அது தாண்டிவிடுகிறது. கொத்தமல்லியின் உண்மையான உபகாரம் இங்கேதான் என்று நான் நம்புகிறேன். ரசத்திலும் பருப்பிலும் பச்சை இலையைத் தாராளமாகக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து பாருங்கள். பாதி உப்பு போதும், நாக்கு தேடாது.

இனி சொல்வது என் வீட்டுக் கதை. முப்பது வருடம் நர்சாக இருந்தவள் நான். அம்மாவுக்கு அப்போது 68 வயது, தனியாக இருந்தார். கால் வீங்குகிறது, மல்லித் தண்ணீர் குடிக்கிறேன் என்று போனில் சொன்னார். ‘நல்லதும்மா, குடிங்க’ என்றேன். மூன்று வாரம் குடித்தார். காவடி அன்று கோவில் வாசலில் செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த தடம் அப்படியே நின்றது. குனிந்து, கணுக்காலுக்குச் சற்று மேலே முன்னெலும்பில் கட்டைவிரலை வைத்து ஐந்து வினாடி அழுத்தினேன். எடுத்த பிறகு குழி விழுந்திருந்தது, நிரம்பவே இல்லை. ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன். ‘மூன்று தலையணை வைத்தால்தான் மூச்சு வருது’ என்றார். அது இதய பலவீனம். போனில் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேனே என்பது இன்றும் மனதை அறுக்கிறது. ஆஸ்பத்திரியில் நீர் மாத்திரை கொடுத்து, ஒரு வாரத்தில் நான்கு கிலோ நீர் வடிந்தது.

அதனால்தான் சொல்கிறேன். அழுத்திய இடத்தில் குழி நின்றால், படுத்தால் மூச்சு முட்டினால், முகமும் கண்ணிமையும் வீங்கினால், மல்லியைப் போட்டுக் காத்திருக்காதீர்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் என்றால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். கர்ப்பிணிக்கு வீக்கத்தோடு தலைவலியும் கண் மங்கலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இலையைத் திடீரென்று அதிகமாகச் சேர்க்கக் கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். சிறுநீரகம் பழுதானவர்கள் மல்லியிலுள்ள பொட்டாசியத்தையும் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள், அவர்களும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். மொரீஷியஸில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை நாளடைவில் சிறுநீரகத்தைத் தின்னும். அவர்கள் வீட்டில் கால் வீக்கத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

அம்மா இப்போதும் ரசத்தில் கோத்தோமிலி கிள்ளிப் போடுகிறார். காலையில் எழுந்ததும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதிவிடுவார். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால், எனக்கு முன்னால் டாக்டருக்குப் போன் போகும்.

நன்றி, வணக்கம்.