குதிரை ஏறத் தெரியாத கௌபாயும் என் 45 டாலர் தொப்பியும்

வணக்கம் மக்களே. முதலில் தொப்பி. "தலையில் என்ன அது" என்று இந்நேரம் கமெண்ட் அடிக்கத் தொடங்கியிருப்பீர்கள். கௌபாய் தொப்பிதான். சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கம் நைல்ஸில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினேன். கடைக்காரர் சொன்ன விலை 60 டாலர். நான் 35 என்றேன். அவர் சிரித்தார். தொப்பியை வைத்துவிட்டு மெதுவாக வாசல் வரை நடந்தேன். என் அம்மா புடவைக் கடையில் செய்வதுபோல, பின்னாலிருந்து கூப்பிடுவார் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். கூப்பிடவில்லை. வெட்கத்தை விட்டு நானே திரும்பிப் போய் 45 என்றேன். சரி என்றார். 15 டாலர் குறைத்திருக்கிறேன், அதுவும் ஒட்டிய விலைக்கு மேல் பேச்சில்லாத அமெரிக்காவில்! காரில் ஏறியதிலிருந்து வீடு வரும் வரை இதையே சொன்னேன். மூன்றாவது தடவை மனைவி ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் தொப்பி இரண்டு அளவு பெரியது. உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்துத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டு வீடியோவுக்கு முன்னால் 'தி கிரேட் டிரெயின் ராபரி' பற்றிப் பேசினேன் அல்லவா? 1903-ல் எட்வின் போர்ட்டர், எடிசன் கம்பெனிக்காக எடுத்த பன்னிரண்டு நிமிடப் படம். அதில் மீசைக்கார கொள்ளைக்காரன் ஒருவன் நேராகக் கேமராவைப் பார்த்துச் சுடுவான். அந்த ஆள்தான் பிராங்கோ பில்லி ஆண்டர்சன் என்று அடித்துச் சொன்னேன். தப்பு. அவர் ஜஸ்டஸ் பார்ன்ஸ். ஒருவர் கீழே வந்து பொறுமையாகத் திருத்தியிருந்தார். நன்றி. இன்னொருவர் பொறுமையில்லாமல் திருத்தியிருந்தார். அவருக்கும் நன்றி. அந்தத் தப்பைச் சரிசெய்யலாம் என்று தேடப்போய்த்தான் ஆண்டர்சனிடமே மாட்டிக்கொண்டேன்.

ஆண்டர்சன் அந்தப் படத்தில் வேறு மூன்று வேஷத்தில் வருகிறார். ரயிலிலிருந்து தப்பி ஓடப் பார்த்து முதுகில் குண்டு வாங்கும் பயணி அவர்தான். காலடியில் சுட்டுச் சுட்டு ஆடவைக்கப்படும் ஏமாளிப் பட்டணத்தானும் அவர்தான். கொள்ளைக் கூட்டத்திலும் ஒருவர். இந்தக் கடைசி வேஷம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குதிரை ஓட்டத் தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியும் என்று கூசாமல் சொல்லியிருக்கிறார். ஏறியதும் குதிரை அவரைக் கீழே தள்ளிவிட்டது என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. உலக சினிமாவின் முதல் கௌபாய் நட்சத்திரம் இப்படித்தான் தொடங்குகிறார். படம் எடுத்த இடமும் மேற்கு அல்ல, நியூ ஜெர்சிப் பக்கம். ஆக, குதிரை பொய், மேற்கும் பொய்.

பெயர் மட்டும் என்னவாம்? அவர் நிஜப் பெயர் மேக்ஸ் ஆரன்சன். 1880-ல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் பிறந்த யூதக் குடும்பத்துப் பையன். நாடகத்தில் நடிக்கலாம் என்று நியூயார்க் போய், கிடைத்த வேலைகளைச் செய்து, அப்படியே சினிமாவுக்குள் வந்தவர். மாடு மேய்த்ததில்லை, பண்ணை வாழ்க்கை தெரியாது. பின்னால் வந்த கௌபாய் நட்சத்திரம் டாம் மிக்ஸின் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஆள் நிஜமாகவே பண்ணையில் வேலை பார்த்தவர், குதிரைமேல் பூ மாதிரி உட்காருவார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டையில் இருக்கும் ஜிகினா வேலைப்பாடு! ஐயோ, எனக்கு ஆகாது. ஆண்டர்சன் முகம் சாதாரண முகம். பெரிய மூக்கு, கனத்த உடம்பு, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருப்பார். அதனால்தான் பிடித்திருக்கிறது.

1907-ல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்பூர் என்பவரோடு சேர்ந்து படக்கம்பெனி தொடங்கினார். ஸ்பூரின் எஸ், ஆண்டர்சனின் ஏ, இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எஸ்ஸனே. பெயர் வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பணக்கணக்கு ஸ்பூருக்கு, படம் எடுப்பது ஆண்டர்சனுக்கு. ஸ்பூரை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவார்.

அவருக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்ட பிராங்கோ பில்லி என்ற கௌபாய் பாத்திரம் 1910 வாக்கில் வருகிறது. ஆரம்பப் படம் ஒன்றில் பில்லி ஒரு திருடன். வழியில் நோயாளி அப்பாவோடு தவிக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். ஊருக்குள் போனால் பிடிபடுவான் என்று தெரிந்தும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். நல்லவனாக மாறும் கெட்டவன்! இந்த ஒரு சரக்கை வைத்து எத்தனை படங்கள் தெரியுமா? ஒரு ரீல், பத்துப் பதினைந்து நிமிடம், எடு, அனுப்பு, அடுத்தது. ஒரு படத்தில் பில்லிக்குக் கல்யாணம் ஆகும், அடுத்த படத்தில் பிரம்மச்சாரி. ஒன்றில் செத்தே போவார், அடுத்ததில் தொப்பியைத் தட்டிக்கொண்டு வந்து நிற்பார். யாரும் கேள்வி கேட்கவில்லை. நடிப்பு, இயக்கம், பாதிக் கதை, எல்லாம் அவரே.

ஒரு நிமிடம், நைல்ஸ் எங்கே வருகிறது என்று சொல்லாமலே போய்க்கொண்டிருக்கிறேன். பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்கு நான் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருப்பது தெரியும். நைல்ஸ் இங்கே ஒரு பகுதிதான், என் வீட்டிலிருந்து காரில் பன்னிரண்டு நிமிடம். ஆறு வருஷமாக அந்தப் பக்கம் போனது இட்லி மாவு வாங்கப் போகும்போது குறுக்கு வழியாக மட்டுமே. சிகாகோ குளிரில் வெளிப்புறப் படப்பிடிப்பு நடக்காது என்று ஆண்டர்சன் ஒரு கூட்டத்தையே ரயிலில் ஏற்றிக்கொண்டு மேற்கே ஊர் ஊராக அலைந்தார். மலைக்கணவாய், ஓடை, ரயில் பாதை, வெயில், நான்கும் ஒரே இடத்தில் இருப்பது நைல்ஸில்தான் என்று 1912-ல் அங்கே டேரா போட்டார். நான்கு வருஷத்தில் முந்நூறுக்கும் மேல் படங்கள். ஸ்டுடியோவை 1933-ல் இடித்துவிட்டார்கள். எஸ்ஸனே அருங்காட்சியகம் என்று ஒன்று அங்கே இருக்கிறது, உள்ளே எடிசன் தியேட்டர் என்ற பழைய சின்னக் கொட்டகை. சனிக்கிழமை இரவுகளில் பேசாத படம் போட்டு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பியானோ வாசிக்கிறார்.

போன சனிக்கிழமை போனோம். பில்லி படம் ஒன்று போட்டார்கள். பியானோ குதிரையோடு சேர்ந்து ஓடுகிறது, நான் கதையையே பார்க்கவில்லை, ஆண்டர்சனின் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை வேகம் எடுத்ததும் கை மெதுவாகப் போய்ச் சேணத்தைப் பிடித்துக்கொள்கிறது. கற்றுக்கொண்டுவிட்டார், ஆனால் பயம் போகவில்லை! அப்படித்தான் எனக்குப் பட்டது. முன் வரிசையில் ஒருவர் போன் வெளிச்சத்தை அணைக்கவேயில்லை. பேசாத படத்துக்கு வந்து மெசேஜ் பார்ப்பவரை என்ன செய்யலாம் என்று தனி வீடியோவே போடலாம்.

இப்போது ஸ்பூர். 1914 கடைசியில் சாப்ளினை எஸ்ஸனேக்கு இழுத்து வந்தவர் ஆண்டர்சன். வாரம் 1,250 டாலர் சம்பளம், கையெழுத்துக்கு 10,000 டாலர். ஸ்பூரைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். சாப்ளின் சிகாகோ போய் இறங்கினால் ஸ்பூரை ஆளையே காணோம்! பணத்துக்குப் பயந்து ஒளிந்துகொண்டார். நமக்குத் தெரிந்த முதலாளிகள் முகம் எல்லாம் வரிசையாக வந்துபோகிறதா?

சாப்ளின் நைல்ஸுக்கும் வந்தார், ஐந்து படங்கள் எடுத்தார். 'தி டிராம்ப்' முடிவில் சாலையில் தனியாக நடந்து போவாரே, அது இந்த நைல்ஸ் கணவாய்தான். அவர் வந்த அன்று ஆண்டர்சன் தன் வீட்டிலேயே தங்கச் சொல்லியிருக்கிறார். லட்சாதிபதி வீடு என்று நம்பிப் போனால், உள்ளே ஒரு பழைய இரும்புக் கட்டில், தலைக்கு மேல் தொங்கும் பல்பு, ஆடும் மேசை. சிகரெட் துண்டுகள் நிரம்பிய சாம்பல் கிண்ணம். கழிப்பறையில் ஃபிளஷ் வேலை செய்யவில்லை, குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும். சாப்ளினே எழுதி வைத்திருக்கிறார், அதிர்ச்சியோடு. எனக்கோ படித்ததும் ஆண்டர்சன் மேல் பாசம் பொங்கிவிட்டது. தண்ணீர் மொண்டு ஊற்றுவதில் என்ன அதிர்ச்சி? நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்.

1916-ல் ஆண்டர்சன் எஸ்ஸனேயில் தன் பங்கை விற்றுவிட்டு வெளியே வந்தார். அந்தச் சமயத்தில் வில்லியம் ஹார்ட் மாதிரி கௌபாய் நடிகர்கள் நீளப் படங்களோடு வந்துவிட்டார்கள், ஒரு ரீல் பில்லிக்கு மவுசு குறைந்தது. நியூயார்க்கில் நாடகக் கொட்டகை வாங்கிப் பார்த்தார், திரும்பி வந்து ஸ்டான் லாரலை வைத்துச் சில காமெடிப் படங்கள் தயாரித்தார். அதற்குப் பிறகு ஒரே அமைதி. அட, இதை விட்டேனே! லாரலும் ஹார்டியும் முதன்முதலாக ஒரே படத்தில் வந்ததும் இவர் தயாரிப்பில்தான். 'தி லக்கி டாக்'. ஜோடியாக அல்ல, ஹார்டி அதில் வழிப்பறிக்காரன்.

1958-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். வயது 78. அந்த ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாரா என்று ஆச்சரியப்பட்டவர்கள் இருந்தார்கள். 1965-ல் ஒரு கௌபாய் படத்தில் தலைகாட்டினார், 1971 ஜனவரியில், 90 வயதில் இறந்தார்.

நைல்ஸ் கணவாயில் பழைய ரயில் ஓடுகிறது. அடுத்த வாரம் அதில் போய்ப் படம் பிடிக்கப் போகிறேன். நான் தொப்பியோடு வந்தால் அவள் கூட வரமாட்டாளாம், மனைவி சொல்லிவிட்டாள், பார்ப்போம். தொப்பி வேறு மறுபடியும் கண்ணுக்கு மேல் இறங்குகிறது. பின்பக்கம் இன்னும் இரண்டு தாள் வைக்க வேண்டும் போல.